ரஸ்னா, மேகி, ஜாமூன் மாவு: உங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்த பாக்கெட் எது?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

கும்பகோணத்தில் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட் டின்னுக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு குட்டி பாட்டில். உள்ளே கற்பூரம். அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாள் என்பது தெரிந்ததுதான். ஆனால் மூடியைத் திருகியதும் கற்பூரத்தை மீறிக்கொண்டு ஆரஞ்சு எசென்ஸ் வாசனை வந்தது. தம்பி மோந்து பார்த்துவிட்டு "உன் பிரமை" என்கிறான். இருக்கட்டும். அது ரஸ்னா பாட்டில்.

எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அட்டைப்பெட்டிக்குள் ஒரு பொடிப் பாக்கெட், இந்தக் குட்டி பாட்டிலில் கொஞ்சம் எசென்ஸ். ஐந்து ரூபாய்க்கு 32 டம்ளர் என்று விளம்பரம் சொல்லும். விளம்பரம் சொல்லாமல் விட்டது சர்க்கரையை. அதை நம் வீட்டிலிருந்துதான் போட வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. ரேஷனில் வருகிற சர்க்கரை காபிக்கே இழுபறி. அதனால் அம்மா மார்ச்சிலிருந்தே மாதாமாதம் இரண்டு கரண்டி ஒதுக்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பரீட்சை முடிகிற நாளுக்குக் காத்திருப்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் யாகம் மாதிரி. சர்க்கரையைக் கரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, பொடியைக் கரைத்து ஊற்றி, கடைசியில் எசென்ஸ். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்று அந்தக் குட்டி பாட்டிலைத் தண்ணீர் விட்டு மூன்று முறை அலசி ஊற்றுவாள். ஐஸ் எங்கள் வீட்டில் கிடையாது. தெருக்கோடி டாக்டர் வீட்டில்தான் ஃப்ரிட்ஜ். டிபன் கேரியர் அடுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு நான் ஓட வேண்டும். திரும்பி வருவதற்குள் பாதி தண்ணீர்.

32 டம்ளர் ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் எவர்சில்வர் டம்ளர் பெரிசு என்று அப்பா சமாதானம் சொல்வார்.

உங்கள் வீட்டில் என்ன? எழுபது முதல் தொண்ணூற்றைந்து வரை. கடையில் பாக்கெட்டாகவோ டின்னாகவோ வாங்கி, சமையல் வேலையைக் குறைத்த எதுவும் சரி.

---

வடபழனி வாசி

மேகி. வேறென்ன? இந்தியாவுக்கு வந்தது 1983. எங்கள் வீட்டுக்கு வர இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

இரண்டு நிமிஷம் என்பது யார் வீட்டுக் கடிகாரத்திலோ. அம்மா முதலில் கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் பொடியாக அரிந்து வேகவைப்பார். அப்புறம் வாணலியில் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கருவேப்பிலை, பச்சைமிளகாய். இவ்வளவும் ஆன பிறகுதான் பாக்கெட்டைப் பிரிப்பார். சேமியா உப்புமா செய்து பழகின கை, வேறெப்படிச் செய்யும்? மசாலா பாக்கெட்டில் பாதியைத்தான் போடுவார். மீதியை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, மறுநாள் உருளைக்கிழங்கு கறிக்கு.

மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட். காலி மசாலா உறையை யார் நக்குவது என்பதில் முறை வைத்திருந்தோம். பாட்டி பார்த்துவிட்டு "என்னடா இது, புழு மாதிரி நெளியறது" என்று அந்தப் பக்கம் போய்விட்டார். அப்பா ஒருநாள் தயிர் விட்டுச் சாப்பிட்டார். அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

---

கரிசல்

உங்களுக்கெல்லாம் ரஸ்னா, மேகி. கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் பாக்கெட்டில் வந்த ஒரே உணவு பிரட். அதுவும் காய்ச்சல் வந்தால்தான்.

டாக்டர் "ரொட்டியும் பாலும் குடுங்க" என்பார். சாயங்கால பஸ்ஸில் யாரிடமாவது சொல்லிவிட்டால் டவுனிலிருந்து வாங்கி வருவார்கள். மெழுகுத் தாள் சுற்றிய பிரட். தாளைப் பிரிக்கும்போது வருகிற அந்தச் சரசர சத்தத்துக்கே பாதிக் காய்ச்சல் இறங்கும். சூடான பாலில் முக்கினால் சரியாக மூன்று எண்ணுவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும், நான்கு எண்ணினால் டம்ளருக்குள் விழுந்துவிடும். காய்ச்சல் இல்லாத அண்ணனும் தங்கச்சியும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஓரத்தைப் பிய்த்து அவர்களுக்குக் கொடுப்பேன். நடுப்பகுதி நோயாளிக்கு.

அக்குளில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்று எவனோ சொன்னதை நம்பி ஒருநாள் முழுக்க வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் வரவில்லை. பக்கத்தில் இருந்தவன்தான் இடம் மாறி உட்கார்ந்தான்.

இன்றைக்கும் பிரட் வாசனைக்கு நாக்கின் அடியில் மாத்திரை கசக்கிறது. பிள்ளைகள் சாண்ட்விச் கேட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று ஒரு கணம் தோன்றும்.

---

பழைய சோறு

மாடர்ன் பிரட்தானே? அது அரசாங்கக் கம்பெனி, தெரியுமோ? 1965-இல் தொடங்கியது. 2000-இல்தான் இந்துஸ்தான் லீவருக்கு விற்றார்கள். ரொட்டி சுடுவது அரசாங்கத்தின் வேலையா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. நம் வீட்டில் அந்த விவாதமே வரவில்லை, காய்ச்சல் வந்தால் வாங்கினோம், அவ்வளவுதான்.

---

தாளிப்பு

நான்கைந்து பதிவாகப் பார்க்கிறேன். எல்லாரும் சாப்பிட்ட கதையே எழுதுகிறீர்கள். வாங்கி வந்தவள் கதையையும் கொஞ்சம் கேளுங்கள் தம்பிகளா.

எனக்கு 1978-இல் கல்யாணம். திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், டிரங்க் கால் போர்டில், அதாவது வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற வேலை. காலை ஷிப்ட் என்றால் ஆறு மணிக்கு ஹெட்போன் மாட்டியாக வேண்டும். நாலு மணிக்கு எழுந்து ஆறு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். மாமியார் நல்லவர். ஆனால் "கடையில் பொட்டலமாக வருவதைச் சாமிக்கு எப்படி வைப்பது?" என்பது அவர் கட்சி.

அந்த வருஷத் தீபாவளிக்கு முதல் நாள் எனக்கு இரவு ஷிப்ட் போட்டார்கள். வீட்டில் குலோப் ஜாமூன் என் பொறுப்பு என்று முடிவாகியிருந்தது. கூட வேலை பார்த்தவள் தெப்பக்குளம் பக்கம் ஒரு கடையில் ஜாமூன் மாவு பாக்கெட் கிடைக்கிறது என்றாள். வாங்கினேன். ஆனால் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குள் போக முடியாதே! எக்ஸ்சேஞ்ச் ஓய்வறையிலேயே பிரித்து, மாவை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் கொட்டிக்கொண்டு, அட்டையை நாலாகக் கிழித்து அங்கேயே குப்பையில் போட்டேன். கொட்டுவதற்கு முன் பின்பக்கம் இருந்த செய்முறையை அழைப்பு விவரம் எழுதுகிற டிக்கெட் தாளில் நகல் எடுத்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். திருட்டுத்தனம் என்றால் அவ்வளவு திருட்டுத்தனம்.

ஜாமூன் நன்றாக வந்துவிட்டது. வந்தவர் போனவர் எல்லாம் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். மாமியார் பக்கத்து வீட்டில் போய், "என் மாட்டுப்பெண் ராத்திரி வேலைக்கும் போய்விட்டு வந்து இவ்வளவும் பண்ணினாள்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது, வயிற்றையும் கலக்கியது.

ஏழு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஜாமூன் மட்டும் இல்லை, மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, ஊறுகாய் எல்லாம் சம்படத்துக்கு மாறித்தான் வீட்டுக்குள் வரும். அந்த ஏழு வருஷத்தில் எங்கள் வீட்டுக் குப்பையில் ஒரு பாக்கெட் உறைகூட விழுந்ததில்லை.

---

காவிரிக்கரை

அம்மா, இழையின் தலைப்பையே மாற்ற வேண்டும் போலிருக்கிறது. மாட்டிக்கொள்ளவே இல்லையா?

---

தாளிப்பு

மாட்டிக்கொண்டேனா என்றால், இல்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று நடந்தது. என்ன போட்டுச் செய்கிறாய் என்று மாமியார் ஒருநாள் கேட்டார். "கோவா வாங்கினேன் அம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த தீபாவளிக்கு அவரே அரைக் கிலோ கோவா வாங்கி வந்து முன்னால் வைத்தார். "பண்ணு, பார்த்துக்கொள்கிறேன்" என்று மணையைப் போட்டு உட்கார்ந்தும்விட்டார்.

கோவாவில் எவ்வளவு மைதா, எவ்வளவு சோடா என்று எனக்கு எங்கே தெரியும்? குத்துமதிப்பாகப் பிசைந்து உருட்டி எண்ணெயில் போட்டேன். முதல் உருண்டை அப்படியே கரைந்து நுரையாகப் பொங்கியது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில் அடுப்பை அணைத்துவிட்டேன். "கோவா சரியில்லை அம்மா, பழசைக் கொடுத்துவிட்டான்" என்றேன். பாவம், அந்தக் கடைக்காரரிடம் மாமியார் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அந்த மனிதர் செய்யாத குற்றத்துக்குக் கால் கிலோ இலவசமாகக் கொடுத்தார்.

---

மாவுமில்

தாளிப்பு அம்மணி, படித்துச் சிரித்தேனுங்க. ஆனால் நான் எதிர்க்கட்சி. எங்கள் அப்பா கோபியில் மாவு மில் வைத்திருந்தார். நீங்கள் எல்லாரும் ஏங்குகிற அந்த மிளகாய்த்தூள் பாக்கெட்தான் எங்கள் வீட்டு வில்லன்.

மாசி, பங்குனி வந்தால் மில் வாசலில் இடம் இருக்காது. ஊரே மிளகாயும் மல்லியும் மாடியில் காயப்போட்டு, காம்பு கிள்ளி, வறுத்து, தூக்குப்போசியிலும் அண்டாவிலும் கொண்டுவந்து வரிசை வைத்துவிடும். ஆள் போய்விடுவார்கள், பாத்திரம் வரிசையில் நிற்கும். காலையில் அரிசி, ராகி, கோதுமை. மதியத்துக்கு மேல்தான் மிளகாய். மாற்றி ஓட்டினால் அடுத்து அரைக்கிற கோதுமை மாவு காரும். மிளகாய் முடிந்ததும் இரண்டு கை அரிசி போட்டு ஓட்டிக் கல்லைக் கழுவ வேண்டும், அந்தச் சிவந்த மாவு எங்கள் வீட்டு மாட்டுக்குக்கூட ஆகாது. யார் மிளகாய்க்குப் பின்னால் யார் மிளகாய் என்பதிலேயே சண்டை வரும். முன்னால் போனவர் மட்டமான மிளகாய் போட்டிருந்தால் அதில் ஒரு பிடி உங்கள் போசியில் விழுமே!

அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார். ராத்திரி வந்து குளித்த தண்ணீர் சாக்கடையில் போகும்போது தெருநாய் தும்மும். மிகையாகச் சொல்லவில்லை.

சக்தி மசாலா 1975-இல் எங்கள் பக்கம், பெருந்துறைக்கு அருகே, மஞ்சள் வியாபாரத்திலிருந்து முளைத்தது. மொதல்ல மஞ்சள்தூள், அப்புறம் மிளகாய், மல்லி என்று வந்தது. "யார் வாங்குவாங்க இதை, அரைச்சு வெச்ச தூளை நம்பி?" என்று அப்பா சிரித்தார். தொண்ணூறுகளில் பங்குனி மாத வரிசை மில் வாசற்படியைத் தாண்டவில்லை. 1995-இல் சென்னையிலிருந்து ஆச்சி மசாலாவும் வந்தது, குழம்புக்கென்றே கலந்த தூளோடு. எங்கள் அம்மாவே ஒருநாள் பாக்கெட் வாங்கி வந்தார். மில் ஓட்டுகிறவர் வீட்டில்! அப்பா அன்று ராத்திரி குழம்பு ஊற்றிக்கொள்ளவில்லை, மோர் ஊற்றிச் சாப்பிட்டார். மறுநாள் ஊற்றிக்கொண்டார்.

---

தேன்கூடு

தேன் மிட்டாய், ஆரஞ்சு சுளை மிட்டாய், பாப்பின்ஸ்... ஆஹா, அந்த நாட்கள்!

---

நெறியாளர்

மிட்டாய்க்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. கோல்ட் ஸ்பாட், பவன்டோ பேச வருகிறவர்களும் அங்கேயே போகலாம். இங்கே அடுப்படிச் சாமான் மட்டும்.

---

ஈப்போ

வணக்கம். மலேசியாவிலிருந்து. எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிள்ளைகள் நாங்களே பசியாறிவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

எங்கள் வீட்டு பாக்கெட் உணவு என்றால் சார்டின் டின்னும் மேகி மீயும்தான். டின்னைத் திறந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, அதில் மீனை உடைத்துப் போட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் ஒரு சட்டிச் சோறு காலி. அதைச் செய்ய எனக்கு ஒன்பது வயதில் அக்கா கற்றுக்கொடுத்தாள். அவளுக்குப் பதினொன்று. ஊரில் உள்ளவர்கள் ஒளித்து ஒளித்து வாங்கியதைப் படிக்க வியப்பாக இருக்கிறது. எங்கள் லயத்தில் யாரும் ஒளிக்கவில்லை, எல்லார் வீட்டு அம்மாவும் மரம் வெட்டத்தான் போனார்கள்.

இன்னொன்று. மேகியை நாங்கள் பாக்கெட்டில் இருந்தபடி விட்டுவைக்கவில்லை. மாமாக் கடைகளில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைகளில், முட்டை, தவ்கே (முளைப்பயறு), மிளகாய் விழுது போட்டுப் பெரிய இரும்புச் சட்டியில் பிரட்டினால் அது மேகி கோரேங். நடுராத்திரியிலும் கிடைக்கும். வடபழனி வாசியின் அம்மா கடுகு தாளித்ததைக் கேட்டால் எங்கள் மாமாக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார்.

ஊருக்கு வரும்போது மைலோ டின், பால்மாவு டின், கோடாலித் தைலம் இல்லாமல் வந்தால் வாசலிலேயே மூஞ்சி தொங்கிவிடும், ஞாபகம் இருக்கிறதா?

---

காவிரிக்கரை

மைலோவுக்கு முன் பால்மாவு! சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டின்னில் பாதியை நானும் தம்பியும் கரண்டியால் அள்ளித் தின்றோம். மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் சுரண்டிக்கொண்டே இருக்கலாம். அந்த நேரம் பார்த்து அப்பா கேள்வி கேட்பார். வாயைத் திறந்தால் புகை மாதிரி மாவு வரும்.

---

நல்லூர்

எங்கட இலங்கைப் பக்கத்தில் அதுக்கு ஈடு திரிபோஷ. இந்தியாவில் இருக்கிறவைக்குத் தெரிந்திருக்காது. சோளமும் சோயாவும் கலந்த மா. பிள்ளைத்தாய்ச்சிமாருக்கும் பால் குடுக்கிற தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் சும்மா குடுப்பினம். 1973இல் தொடங்கின திட்டம், இன்னும் நடக்குது.

அம்மாவுக்கெண்டு வந்த பையை அம்மா தின்றதை நான் காணவில்லை. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, கொஞ்சம் சுடுதண்ணி தெளித்து, உருண்டை பிடிச்சுத் தருவா. அடுப்பே தேவையில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரத்துத் தடைப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெய் போத்தல் விலைக்கு அடுப்பு மூட்டாமல் சாப்பிடக் கூடிய ஒண்டு வீட்டில் இருக்கிறதெண்டால் அது பெரிய காரியம். சீனி கிடைக்காத நாளில் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு வெறும் மாவைத் தின்றிருக்கிறம். புரைக்கேறும்.

இப்ப கனடாவில் தமிழ்க்கடையில் சமபோஷ பை கிடைக்குது. கிட்டத்தட்ட அதே மணம். வாங்கி வைக்கிறனான், உருண்டை பிடிக்கிறதில்லை.

---

பழைய சோறு

நல்லூர் சொன்னதும் இங்கே பள்ளிக்கூடத்தில் போட்ட கோதுமை உப்புமா ஞாபகம் வந்துவிட்டது. அறுபதுகளில் 'கேர்' அமைப்பு மூலம் அமெரிக்காவிலிருந்து வந்த உடைத்த கோதுமை, பால்பவுடர். அண்டாவில் கிண்டும்போதே ஒரு வாடை வரும், அது பிடித்தவர்களும் உண்டு, வாந்தி எடுத்தவர்களும் உண்டு. நான் முதல் வகை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது நான் வேலைக்கே போய்விட்டேன், சாம்பார் சாதம் சாப்பிடக் கொடுத்துவைக்கவில்லை.

---

ஆய்வகம்

உணவுத் தொழில்நுட்பத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன். கொஞ்சம் முள் குத்தப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"அந்த ருசி இப்போது இல்லை" என்று அடுத்த பக்கத்தில் யாராவது எழுதுவீர்கள். மேகி விஷயத்தில் ஒருமுறை அது உண்மையாகவே நடந்தது. 1997-இல் செய்முறையை மாற்றினார்கள், ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, 1999-இல் பழையபடி கொண்டுவந்தார்கள். 2015 ஜூனில் ஈயம், அஜினமோட்டோ பிரச்சினையில் நாடு முழுக்கக் கடையிலிருந்து எடுத்தார்கள், பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தபின் நவம்பரில் திரும்பி வந்தது. இவை தவிர்த்தால், நீங்கள் தேடுகிற வித்தியாசம் பாக்கெட்டுக்குள் இல்லை. அன்றைக்கு ஒரு பாக்கெட் மூன்று பேருக்கு. இன்றைக்கு ஒருவரே இரண்டு பாக்கெட். நான்காவது வாய்க்கு மேல் எதுவும் ருசிக்காது, அமிர்தமானாலும்.

அந்தச் சுருள் இரண்டு நிமிஷத்தில் வேகக் காரணம் அது ஏற்கெனவே வெந்தது. ஆவியில் வேகவைத்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். பொரியும்போது உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாக ஓடிவிடும், ஓடிய வழியெல்லாம் நுண்ணிய துளை. நீங்கள் கொதிநீர் ஊற்றும்போது தண்ணீர் அதே வழியாக உள்ளே போகிறது. 1958-இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ கண்டுபிடித்த வழி. தாளிப்பு அம்மாவின் ஜாமூன் மாவில் முக்கால்வாசி வேலையைச் செய்வது பால்பவுடரும் மைதாவும் கொஞ்சம் சோடாவும். அளவு சரியாகக் கலந்திருப்பதுதான் விற்பனைச் சரக்கு. கோவா கரைந்து போனதற்குக் காரணம் மாவு குறைவு. கடைக்காரர் நிரபராதி.

இதையும் சொல்லிவிடுகிறேன். மேகி என்பது ஒரு மனிதரின் பெயர். ஜூலியஸ் மேகி, சுவிட்சர்லாந்தில் மாவு மில் வைத்திருந்தவர் (மாவுமில் கவனிக்க). 1880-களில் அங்கே பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலை வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள், வீட்டில் சமைக்க நேரமில்லை, குழந்தைகள் சத்தில்லாமல் வாடின. பருப்பு மாவிலிருந்து சீக்கிரம் வேகிற சூப் செய்து தரச் சொல்லி அவரிடம் கேட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த கம்பெனி.

நம் பக்கத்திலும் தேவைதான் தள்ளியது. பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டல் நெருக்கடி நிலைக் காலத்தில், 1975-க்குப் பிறகு, சாப்பாட்டு விலையைக் குறைக்கச் சொல்லி வந்த உத்தரவில் கட்டுப்படியாகாமல் தவித்தது. பொடியும் மாவும் பாக்கெட் போட்டு விற்க இறங்கியது அப்போதுதான். ரவா இட்லியே இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசிப் பஞ்சத்தில் அவர்கள் செய்து பார்த்தது.

---

மாவுமில்

மேகி மில்லுக்காரரா! அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவரும் சூப் போட்டிருப்பார்.

---

தாளிப்பு

1880-களில் சுவிட்சர்லாந்தில் புரிந்துகொண்ட விஷயத்தை எங்கள் வீட்டில் புரியவைக்க நான் 1985 வரை சம்படம் தூக்கினேன்.

ஆனால் மாமியாரை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். யோசித்தால் அவரிடமும் ஒரு பாக்கெட் கடை இருந்தது. சித்திரை வெயிலில் ஜவ்வரிசி வடாம், மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய் என்று போட்டு வருஷத்துக்கு டின்னில் அடைப்பார். ஊருக்குப் போனால் புளிக்காய்ச்சல் ஜாடி கூடவே வரும், போன இடத்தில் சோறு வடித்தால் போதும், புளியோதரை. பருப்புப்பொடி, அங்காயப்பொடி. எல்லாம் அவசரத்துக்குக் கைகொடுக்கத்தானே? வித்தியாசம் ஒன்றுதான். அதைச் செய்ய அவருக்கு வெயிலில் பத்து நாள் இருந்தது, காக்காய் விரட்ட ஒரு பேரன் இருந்தான். எனக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு.

முட்டி வலி வந்து ஆட்டுக்கல்லை விட்டபிறகு, கிரைண்டர் வைத்து மாவு விற்கிற தெருமுனை வீட்டில் இட்லி மாவு வாங்கி வரச் சொன்னது அவரேதான். "பொட்டலம் ஆச்சே அம்மா" என்றேன். "அது பொட்டலம் இல்லை, மாவு" என்றார்.

---

வடபழனி வாசி

அந்தத் தெருமுனை மாவுதான் நிஜமான புரட்சி. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வாளிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். கோடையில் வீடு வருவதற்குள் பை பலூன் மாதிரி உப்பிவிடும். ஒருமுறை பேருந்தில் என் மடியிலேயே வெடித்தது. கோடம்பாக்கத்தில் ஏறி வடபழனியில் இட்லியாக இறங்கினேன்.

---

காவிரிக்கரை

நேற்று அம்மாவிடம் ரஸ்னா பாட்டிலைக் காட்டினேன். 79 வயது, கண் சரியாகத் தெரியாது, கையில் வாங்கி உருட்டிப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

நான் ருசியைப் பற்றிக் கேட்டேன். "அதென்ன ருசி, சர்க்கரைத் தண்ணி" என்றாள். பின்னே எதற்கு வருஷா வருஷம் அவ்வளவு பாடு? அதற்கு அவள் சொன்னது: லீவு விட்டால் எங்கள் வீட்டுக்கு அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்று பதினைந்து உருப்படி வரும். மதியம் மூன்று மணிக்கு எல்லாவற்றுக்கும் ஏதாவது தின்னக் கொடுத்தாக வேண்டும். பஜ்ஜி போட்டால் ஒரு மணி நேரம் அடுப்பில் வேக வேண்டும். ரஸ்னா என்றால் ஒருநாள் பாகு காய்ச்சிவிட்டால் போதும், பத்து நாளைக்கு அந்த ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்கலாம். "அந்தப் பத்து நாள்தான் எனக்குக் கோடை லீவு" என்றாள்.

டாக்டர் வீட்டு ஐஸை மட்டும் அவள் மறக்கவில்லை. நான் வழியில் நின்று பாதியை வாயில் போட்டுக்கொண்டுதான் வந்தேன், உருகியதெல்லாம் இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரியுமாம்.

---

கரிசல்

எல்லாம் சரி. தாளிப்பு அம்மா, பேச்சோடு பேச்சாக ஒரு சந்தேகம். வீட்டில் மூன்று தடவை ஜாமூன் பாக்கெட் வாங்கியாயிற்று. உருண்டை எல்லாம் கரிசல் காடு மாதிரி வெடித்துவிடுகிறது. என்ன பிசகு?

---

தாளிப்பு

சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைகிறீர்கள், அதுதான் பிசகு. தண்ணீரைத் தெளித்து விரல் நுனியால் சேர்த்தால் போதும். கொஞ்சம் தளரவே இருக்கட்டும், ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள், மாவு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கையில் நெய் தொட்டுக்கொண்டு விரிசல் இல்லாமல் உருட்டுங்கள். எண்ணெய் புகையக் கூடாது. ஒரு சிட்டிகை மாவு போட்டால் அடியில் போய், நிதானமாக மேலே வர வேண்டும், அந்தச் சூடுதான். பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போது போடுங்கள்.

அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அளவு அதில்தான் இருக்கிறது.